அறச்சாலையும் அங்காடிச்சாலையும்

திருவனந்தபுரத்துத் தமிழர்க்குச் ‘சாலை’ என்பது வெறும் தெருவின் பெயர் அன்று. நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் ஒரு துணி மூட்டையோடும் ஓர் உறவினர் முகவரியோடும் வந்திறங்கிய நம் முன்னோர் பலர்க்கு முதற்கூலி கிடைத்த இடம் அது. கிழக்குக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் அவ்வங்காடியில் மிளகும் வெல்லமும் வெற்றிலையும் பித்தளைப் பாத்திரமும் இன்றும் தமிழிலேயே விலை பேசப்படுவதைக் கேட்கலாம். தருமராசா எனப் பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில், 18 ஆம் நூற்றாண்டில், திவான் இராசா கேசவதாசர் அமைத்த அங்காடி இது.

ஆயினும் அங்காடியை விடச் சொல் மூத்தது. அங்காடிக்கு அணித்தே வலியசாலையும் ஆரியசாலையும் உள்ளன. வலியசாலையில் உள்ள மகாதேவர் கோயிலை ஒட்டிய பகுதியே முதலாம் இராசராசன் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச் சாலை என்று கருதுவோர் பலர். அச்சாலையைப் பின்பற்றிக் கி.பி. 866 இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவபுரத்தில் ஒரு சாலை நிறுவி, 95 மாணவர்க்கு உணவும் கல்வியும் கிடைக்க நிலம் விட்டதைச் செப்பேடு தெரிவிக்கிறது. அது வேதம் ஓதும் மாணவர்க்கு மட்டுமே உரிய சாலை. எல்லார்க்குமான சாலை பிறக்க ஓராயிரம் ஆண்டு பொறுக்க வேண்டியிருந்தது. 1867 இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் சாதி கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, பசி ஒன்றே தகுதி ஆயிற்று. அங்கு மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

இவ்வாறு ஒரே சொல்லுக்கு நம்மிடையே இரு பொருள் நிற்கின்றன. ஒன்று, எதையும் துலாக்கோலில் வைத்து விலை சொல்லும் இடம். மற்றொன்று, துலாக்கோலே இல்லாத இடம். வளர்ந்த மனிதர் ஒருவர் நோயாலோ முதுமையாலோ படுக்கையில் வீழ்ந்துவிட்டால், அவரைக் குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்க வைக்கவும், ஒரு வாய் கஞ்சி ஊட்டவும் ஒரு கை வேண்டும். அந்தக் கையின் உதவி இவ்விரு சாலைகளுள் எதற்கு உரியது? ஊராட்சியோ மாநகராட்சியோ அவ்வுதவியைச் செய்யுமானால், அதற்குக் கட்டணம் கேட்பது முறையா?

இவ்வினா நமக்கு நூலகத்தில் தோன்றியதன்று. நாம் நன்கு அறிந்த மளிகை வணிகர் ஒருவர் வீட்டில் தோன்றியது. ஊரார் அனைவர்க்கும் அவர் அண்ணாச்சி, அவ்வளவு போதும். ஐம்பது ஆண்டுகள் சாலையில் தராசு பிடித்தவர். ஒரு நாள் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது சிறுநீர்க் குழாய் ஒன்று உடன் வந்தது. அதை மாற்றவும், முதுகில் புண் வராமல் பார்க்கவும், பாலியேட்டிவ் என்று இங்கு எல்லாரும் சொல்லும் ஆதரவுச் சிகிச்சைக் குழுவின் செவிலியார் வீடு தேடி வந்தார்.

வேலை முடிந்ததும் அண்ணாச்சி குழறிய நாவால், “எவ்வளவு தரணும், சிஸ்டர்?” என்று கேட்டார். “ஒந்நும் வேண்டா, அப்பூப்பா” என்றார் அந்த அம்மையார், கையைத் துடைத்துக்கொண்டே. அண்ணாச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மாலை நாம் சென்றிருந்தபோது, “நான் தர்மத்தில் படுத்திருக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை அந்த அம்மையாரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுமாறு மகனிடம் பிடிவாதம் செய்தாராம்.

இலவசம் என்ற சொல் கேட்போர் அனைவரையும் மகிழ்விக்கும் என்று எண்ணியிருந்த நமக்கு அந்தச் சுவர் நோக்கிய முகம் ஒரு பாடமாயிற்று. கட்டணம் கேட்பது கொடுமை என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். கட்டணம் கேளாமையும் ஒருவரைச் சுட முடியும். திருக்குறளில் ‘இரவு’ என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், உடனடியாக ‘இரவச்சம்’ என மற்றோர் அதிகாரம் வைத்ததன் பொருள் அன்று சிறிது விளங்கிற்று.

அண்ணாச்சி வீட்டிற்கு அச்செவிலியார் வந்த வழியைச் சற்றே சொல்லவேண்டும். 1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி வலி தணிப்புக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவரான டாக்டர் எம். ஆர். இராசகோபால் பின்னர் 2003 இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்னும் அமைப்பையும் நிறுவினார். மலப்புறம் முதலிய மாவட்டங்களில் ஊர்மக்களே தொண்டராகிச் சிறுசிறு தொகை திரட்டி, படுக்கையில் கிடப்போர் வீடுகளுக்குச் செல்லும் வழக்கம் பரவியது. கடைகளில் வைத்த உண்டியல்களே அவ்வியக்கத்தின் கருவூலம் எனலாம். 2008 ஏப்ரலில் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. அதன்பின் ஊராட்சிகளும் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் தம் திட்ட நிதியிலிருந்து செவிலியர் ஊதியம், வண்டி வாடகை, மருந்து ஆகியவற்றிற்குப் பணம் ஒதுக்கின. வருமானச் சான்று இல்லை; கட்டணம் இல்லை. வீட்டில் ஒருவர் படுக்கையில் கிடக்கிறார் என்பதே நுழைவுச் சீட்டு.

இது போதாதா, வேறென்ன வேண்டும் எனலாம். ஆனால் மறுபக்கத்து வாதத்தையும் அதன் முழு வலிமையோடு கேட்பதுதான் நேர்மை. அண்ணாச்சிக்குக் கடைகள் இரண்டு, சொந்த வீடு, வங்கியில் இருப்பு. அதே சாலையில் அவர் கடைக்கு மூட்டை சுமந்த தொழிலாளியும் தீப்பெட்டி முதல் சோப்பு வரை எதை வாங்கினாலும் வரி கட்டுகிறார். அவர் கட்டிய காசிலிருந்து அண்ணாச்சிக்கு ஏன் செவிலியார் வரவேண்டும்? இருப்பவரிடம் வாங்கி இல்லாதவர்க்குக் கொடுப்பதன்றோ அறம்? இருப்பவர்க்கும் இலவசம் என்றால், பழைய திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகளில், வேறு பலர் பசித்திருக்க, பிராமணர்க்கு மட்டும் அரசுச் செலவில் விருந்து நடந்ததே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இவ்வாதத்தை ஏற்று, அதை இறுதிவரை கொண்டுசென்று பார்த்த நாடு ஒன்று உண்டு. நம் குடும்பங்களிலிருந்தும் செவிலியராகவும் பராமரிப்பாளராகவும் பிள்ளைகள் பலர் சென்றிருக்கும் இங்கிலாந்தே அது. 1948 சூலை 5 ஆம் நாள் அந்நாட்டில் இரு சட்டங்கள் ஒருசேர நடைமுறைக்கு வந்தன. ஒன்று, நோயுற்றோர்க்குக் கட்டணமின்றி மருத்துவம் தரும் தேசிய நலவாழ்வுப் பணி. மற்றொன்று, பழைய ஏழையர் சட்டத்தை ஒழித்த தேசிய உதவிச் சட்டம். இதன்படி முதியோர் இல்லங்களை உள்ளாட்சி மன்றங்கள் நடத்தும், ஆனால் அங்குத் தங்குவோர் தம் வசதிக்கேற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். நோய்க்கு இலவசம், தளர்ச்சிக்கு விலை. ஒரே நாளில் இட்ட அக்கோடு இன்றளவும் அழியவில்லை.

2014 ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் அக்கட்டண முறையைத் திருத்தி எழுதிற்று. உள்ளாட்சி மன்றம் முதலில் ஒருவரின் தேவையை அளக்கும். பிறகு அவர் பணப்பையை அளக்கும். சேமிப்பும் சொத்தும் 23,250 பவுனுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவருடையது. 14,250 பவுனுக்குக் கீழ் இருந்தால் சேமிப்பைத் தொடுவதில்லை. வருமானத்தை மட்டும் கணக்கிடுவர். இடைப்பட்டோர்க்கு ஒவ்வொரு 250 பவுனுக்கும் வாரம் ஒரு பவுன் வருமானம் இருப்பதாக வைத்துக்கொள்வர். 2010 இல் வைத்த இவ்வரம்புகள் பதினைந்து ஆண்டுகள் கடந்தும் உயரவில்லை. விலைவாசி மட்டும் உயர்ந்தது. வீட்டிலேயே பராமரிப்புப் பெறுவோர்க்குக் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதியோர் இல்லத்திற்குச் சென்றுவிட்டால், கணவனோ மனைவியோ அவ்வீட்டில் வாழாதபோது, வீடும் சொத்தாகிவிடும். உடனே விற்க வேண்டாம் என்று கடனாக நிறுத்தி வைக்கவும் வழி செய்திருக்கிறார்கள். எனினும் கடன் கடன்தான்.

எழுத்தர் வேலை பார்ப்பவர் என்ற முறையில் இவ்விதிகளின் ஒழுங்கை நாம் வியக்கிறோம். ஒரு கோப்பில் இவ்வளவு நேர்த்தியாக நியாயத்தைப் பங்கிட முடிவது சிறிய செயல் அன்று. ஆனால் கோப்பை மூடிவிட்டு மனிதரைப் பார்த்தால் ஐயங்கள் எழுகின்றன. அக்காள் தங்கை இருவர். ஒருத்தி வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு வீடு வாங்கினாள். மற்றவள் வந்ததையெல்லாம் செலவிட்டாள். இருவரும் தளர்ந்தபோது முன்னவள் கட்டுகிறாள். பின்னவளுக்கு மன்றம் கட்டுகிறது. சிக்கனம் ஒரு குற்றமோ என்று முன்னவள் கேட்டால் என்ன விடை சொல்வது? அதனினும் கொடியது மற்றொன்று. புற்றுநோய் வந்தவர்க்கு மருத்துவம் இலவசம். மறதிநோய் வந்து, தன் பெயரையே மறந்து, பிறர் கைப்பற்றி நடப்பவரோ பெரும்பாலும் ‘பராமரிப்பு’ என்னும் பிரிவில் அடங்குவார். அவர் வீடு கணக்கில் வரும். எந்த நோய் வரவேண்டும் என்பதை யாரும் தேர்ந்து கொள்வதில்லை. அங்கு அளக்கப்படுவது செல்வம் என்று நினைக்கிறோம். உண்மையில் அளக்கப்படுவது ஊழ்.

ஆங்கிலேயர் இதனை உணராதவர் அல்லர். ஒருவர் தம் வாழ்நாளில் பராமரிப்புக்காக 86,000 பவுனுக்கு மேல் கட்டவேண்டாம் என்று உச்சவரம்பு ஒன்றை 2021 இல் அறிவித்தனர். 2023 இல் தொடங்குவதாகச் சொல்லி 2025 க்குத் தள்ளினர். 2024 சூலையில் கைவிட்டனர். பணம் இல்லை என்றனர். அதே தீவின் வடபகுதியான ஸ்காட்லாந்து, 65 வயது நிரம்பியோர்க்கு உடல் சார்ந்த பராமரிப்பை 2002 முதல் இலவசமாக்கி, 2019 இல் அதனை இளையோர்க்கும் விரித்தது. இலண்டனில் ஹாமர்ஸ்மித்–ஃபுல்லம் என்னும் ஒரு மன்றம் 2015 இல் வீட்டுப் பராமரிப்புக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. சட்டம் கட்டணம் வாங்கலாம் என்றுதான் சொல்கிறது, வாங்கியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை என்பதை அம்மன்றம் நினைவில் வைத்திருந்தது. விதிகளோடு வாழ்நாள் கழிக்கும் நம்போன்றோர் ‘லாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் இடையே உள்ள வெளியை மறந்துவிடுகிறோம்.

நம் ஊரிலும் பணப்பையை அளக்கும் முறை இல்லாமல் இல்லை. இங்கு அது வேறு முகம் காட்டுகிறது. முதியோர் ஓய்வூதியம் வேண்டுவோர் குடும்ப ஆண்டு வருமானம் ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேற்படாது எனக் கிராம அலுவலகத்தில் சான்று பெறவேண்டும். ஒருமுறை ஒரு மூதாட்டிக்குத் துணையாக அப்படியோர் அலுவலகத்திற்குச் சென்றிருந்தோம். இருபது பேர் கேட்க, தம்மிடம் என்னென்ன இல்லை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டியிருந்தது. நிலம் இல்லை, மகன் பணம் அனுப்புவதில்லை, கணவர் இல்லை. ஊழியர் கடுமையாகப் பேசினார் என்று சொல்லமாட்டோம், பணிவாகவே கேட்டார். ஆயினும் இருப்பதற்குச் சான்று கேட்பதை விட இல்லாமைக்குச் சான்று கேட்பது கடினம் என்று அன்று கண்டோம். ஆக, பையை அளக்கும் முறை பணக்காரரிடம் வீட்டைக் கேட்கிறது; ஏழையிடம் மானத்தைக் கேட்கிறது.

அப்படியாயின் விடை எங்கே? நாம் கண்ட அளவில், கட்டணம் வாங்குவதில் பிழை இல்லை. வாங்கும் நேரத்தில்தான் பிழை. விழுந்து கிடப்பவர் கட்டிலருகே துலாக்கோலைக் கொண்டு வருகிறோம். அவர் எழுந்து நடந்த காலத்தில், சம்பாதித்த காலத்தில், அக்கோலை எடுத்துச் செல்லாமல் விட்டுவிடுகிறோம்.

இதற்குச் சான்று நம் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. 1954 இல் தில்லியில் தொடங்கிய மத்திய அரசு நலவாழ்வுத் திட்டத்திற்கு எனத் திங்கள்தோறும் ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. 2017 இல் வகுத்த முறைப்படி அது ஊதிய நிலைக்கேற்ப 250, 450, 650, 1,000 ரூபாய் என நால்வகை. நம்மைப் போன்ற எழுத்தர்க்கு 250, உயரதிகாரிக்கு 1,000. ஆனால் அத்திட்டத்தின் மருந்தக வரிசையில் நிற்கும்போது யார் எவ்வளவு கட்டினார் என்று எவரும் கேட்பதில்லை. ஒரே மருத்துவர், ஒரே மாத்திரை. (மருத்துவமனையில் தங்கும் அறை மட்டும் சம்பளத்திற்கேற்ப வேறுபடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.) வலிமையுள்ள நாளில் அளந்து வாங்குவது, வலிமையற்ற நாளில் அளவாமல் கொடுப்பது, தருமமும் அங்காடியும் ஒன்றையொன்று கெடுக்காமல் வாழ இவ்வழி உதவும் என்று தோன்றுகிறது.

சம்பளச் சீட்டு இல்லாதவர் நிலை என்ன என்று கேட்பீர்கள். சாலையிலேயே அதற்கும் ஒரு தொடக்கம் உண்டு. கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் 1978 இன் வழி அமைந்த நலநிதி முறையில், மூட்டை இறக்கும் கூலியோடு வணிகர் ஒரு பங்கைச் சேர்த்துக் கட்டுகிறார். தொழிலாளியின் கூலியிலிருந்தும் ஒரு பங்கு சேர்கிறது. அண்ணாச்சி அந்தப் பங்கைப் பற்றிப் பலமுறை முணுமுணுத்ததை நாம் கேட்டிருக்கிறோம். சுமப்பவரின் முதுமைக்கு வணிகர் முன்கூட்டியே கட்ட முடியுமானால், வணிகர் தம் முதுமைக்கும் அவ்வாறே கட்ட முடியாதா? அண்ணாச்சி நலமாக இருந்த காலத்தில் யாராவது வந்து, ‘உங்கள் வியாபாரத்திற்கேற்ப ஆண்டுக்கு இவ்வளவு, நாளை நீங்கள் விழுந்தால் கேள்வியின்றி ஆள் வரும்’ என்று சொல்லியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருப்பார். சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்க மாட்டார்.

இதுகாறும் கூறியதில் ஒரு பெருங்குறை இருப்பதை நாம் அறிவோம். இலவசம் என்றோம். உண்மையில் அது இலவசமா? செவிலியார் மாதத்தில் ஓரிரு முறை வருவார். ஒரு மணி நேரம் இருப்பார். மற்ற நாள்களிலும் மற்ற மணிகளிலும் அண்ணாச்சியைத் திருப்பிப் படுக்க வைத்தவர் யார்? இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் கொடுத்தவர் யார்? எழுபதை நெருங்கும் மதினிதான். மூட்டுவலியோடு அவர் தம் கணவரின் உடலைத் தூக்கிய தூக்கலுக்கு எந்த மன்றமும் கட்டணப் பட்டியல் போடவில்லை. இங்கிலாந்து பவுனில் வாங்கும் கட்டணத்தை நாம் ஒரு பெண்ணின் முதுகெலும்பில் வாங்குகிறோம். ரசீது கொடுப்பதில்லை, ஆகவே அது கட்டணமாகத் தெரிவதில்லை. கேரள அரசு ‘ஆசுவாசகிரணம்’ என்ற திட்டத்தில், படுக்கையில் கிடப்போரைப் பார்த்துக்கொள்வோர்க்கு மாதம் 600 ரூபாய் என வகுத்தது. தொகை சிறிது. எனினும் பார்த்துக்கொள்பவர் என ஒருவர் இருக்கிறார் என்பதை ஓர் அரசாணை ஏற்றுக்கொண்டதே பெரிது.

2007 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைகளின் கடமையை வலியுறுத்துகிறது. பராமரிப்புத் தொகை தரச்சொல்லித் தீர்ப்பாயம் ஆணையிடலாம். அத்தொகை பிள்ளையிடமிருந்து வரும். தூக்குகிற கை பெரும்பாலும் மருமகளுடையதாக இருக்கும். அவளைப் பற்றி நம் உறவுமுறைப் பேச்சுகளில் ‘நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள்’ என்ற ஒரு வரியோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

அண்ணாச்சி கதையை நிறைவு செய்வோம். அவர் வீட்டிற்குக் காற்றடைத்த படுக்கை ஒன்று வந்தது. அதனைத் தந்தது ஒரு தொண்டர் குழு. குழுவின் பெயரைக் கேட்ட மகன் சிரித்துவிட்டான். “அப்பா, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தகர உண்டியல் இருக்குதுல்லா? அது இவங்க வச்சதுதான்” என்றான். பல ஆண்டுகளாக மீதிச் சில்லறையை அண்ணாச்சி அதில் போட்டு வந்திருக்கிறார்; எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதைக் கேட்டு அவர் மனம் ஆறினார் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. “எவ்வளவு போட்டிருப்பேன்?” என்று மட்டும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த முறை செவிலியார் வந்தபோது முகத்தைத் திருப்பவில்லை.

பத்து மாதங்கள் கழித்து அவர் காலமானார். பதினாறாம் நாள் விசேடம் முடிந்தபின், அந்தப் படுக்கையை மதினி தாமே கழுவி மாடியில் காய வைத்தார். அட்டக்குளங்கரைப் பக்கம் ஒரு வீட்டில் இன்னொருவர் அதற்காகக் காத்திருக்கிறார் என்று குழுவிலிருந்து ஓர் இளைஞர் ஆட்டோவில் வந்து எடுத்துச் சென்றார். படிக்கட்டில் இறங்கி அவரை வழியனுப்ப மதினியால் முடியவில்லை, மூட்டு மடங்கவில்லை. மேலிருந்தே கையசைத்தார். மகன் கடைக்குச் சென்றிருந்தான். மருமகள் வேலைக்குச் சென்றிருந்தாள். மதினியின் முழங்காலுக்கு எந்தச் சாலையில் மருந்து கேட்பது என்று எண்ணிக்கொண்டே நாம் இறங்கி வந்தோம்.